வாடிக்கையாளர் இணையதளங்களுக்கு இலவசத் தரவுத்தளம்: தேர்வுக்கு ஒரு வழிகாட்டி

தனக்கென ஒரு செயலியை எழுதுபவர் தரவுத்தளத்தைத் தேர்வதற்கும், பிறருடைய இணையதளங்களைத் தன் சர்வரில் வைத்து நடத்துபவர் தேர்வதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. முன்னவருக்குத் தம் நிரல் தெரியும். எந்த வினவல் (தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் கட்டளை) எப்போது ஓடும் என்பதும் தெரியும். பின்னவரிடம் வந்து சேர்வதோ ஒரு நகைக்கடையின் பழைய வேர்ட்பிரஸ் தளம், ஒரு பள்ளியின் மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளம், யாரோ எழுதிவிட்டுப் போன பிஎச்பி நிரலில் ஓடும் ஒரு திருமணத் தகவல் மையம். இவற்றில் ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை. ஆனால் ஏதேனும் ஒன்று படுத்துக்கொண்டால் நள்ளிரவில் தொலைபேசி அவருக்குத்தான் வரும். அவருக்கு எந்தத் தரவுத்தளம் ஒரு நொடிக்கு எத்தனை வினவல்களைத் தாங்குகிறது என்ற ஒப்பீட்டு வரைபடங்களால் பெரிய பயன் இல்லை. வாடிக்கையாளரின் செயலி எதைக் கேட்கிறது, உரிமம் எதை அனுமதிக்கிறது, ஒருவருடைய தரவை இன்னொருவர் தொடாமல் தடுக்க முடிகிறதா, கெட்டுப்போனால் அதைத் தனியாளாக மீட்டெடுக்கத் தெரியுமா என்பவைதான் அவருக்குரிய கேள்விகள்.

ஒன்றிரண்டு சர்வர்களில் சில பத்துத் தளங்களை நடத்தும் சிறு நிறுவனத்தையும், வாடிக்கையாளருக்குத் தளம் வடிவமைத்துக் கொடுத்துவிட்டு அதைத் தானே ஹோஸ்டிங்கும் செய்யும் தனிநபரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இலவசம் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

இலவசம் என்று கிடைப்பவை எல்லாம் ஒரே வகை அல்ல. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்ட முடியாது, தரவுக்கான நினைவகமும் ஏறத்தாழ 1.4 ஜிபியோடு நின்றுவிடும். ஆரக்கிளின் எக்ஸ்பிரஸ் பதிப்பு 21-இல் பயனர் தரவுக்கு 12 ஜிபி, நினைவகத்துக்கு 2 ஜிபி என்று வரம்பு இருக்கிறது. இவை மாதிரிக்குக் கொடுக்கப்படும் இலவசம்; வாடிக்கையாளரின் கடை வளர்ந்து வரம்பைத் தொடும் நாளில் கட்டணப் பதிப்புக்கு மாறுவதா, வேறு தரவுத்தளத்துக்கு இடம்பெயர்வதா என்ற கேள்வி வரும், இரண்டுமே செலவுதான். வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட்நெட்டில் எழுதிய செயலி இருந்தால் ஒழிய எக்ஸ்பிரஸ் பக்கம் போக வேண்டியதில்லை.

மோங்கோடிபி என்ற தரவுத்தளம் இன்னொரு வகை. அது 2018 அக்டோபரில் தன் உரிமத்தை எஸ்எஸ்பிஎல் என்பதற்கு மாற்றிக்கொண்டது. அந்த மென்பொருளின் செயல்பாட்டையே ஒரு சேவையாக மூன்றாம் நபருக்கு வழங்குபவர், அச்சேவையை நடத்தப் பயன்படும் மேலாண்மை, பேக்கப் மென்பொருள்கள் உள்ளிட்ட மூல நிரல் முழுவதையும் வெளியிட வேண்டும் என்று அவ்வுரிமம் கேட்கிறது. நீங்கள் எழுதிய ஒரு தளத்துக்குப் பின்னால் மோங்கோடிபி ஓடுவதில் சிக்கல் இல்லை. ஆனால் ஹோஸ்டிங் தொகுப்பில் “ஒரு மோங்கோடிபி தரவுத்தளமும் உண்டு” என்று விற்றால் அந்த நிபந்தனை உங்கள் மீது பாயக்கூடும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் தன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து அதை நீக்கியதற்கும் இந்த உரிமமே காரணம்.

மீதமுள்ளவற்றில் மைஎஸ்க்யூஎல்லின் சமூகப் பதிப்பும் மரியாடிபியும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருகின்றன. ஜிபிஎல்லின் கடமைகள் மென்பொருளைப் பிறருக்கு விநியோகிக்கும்போதுதான் எழுகின்றன. உங்கள் சர்வரில் நிறுவி அதன்மீது வாடிக்கையாளர் தளங்களை ஓட்டுவது விநியோகம் ஆகாது என்பதால் எத்தனை தளங்களை வைத்தாலும் கட்டணமோ நிரலை வெளியிடும் கடமையோ கிடையாது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் (சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ்) உரிமம் பிஎஸ்டி வகையைச் சேர்ந்தது, அதைவிடத் தளர்வானது. எஸ்க்யூலைட் யாருடைய உரிமையும் இல்லாமல் பொதுவுடைமையாகவே விடப்பட்டுவிட்டது. ஹோஸ்டிங் செய்பவர் இந்த நான்கிற்குள் தேர்ந்தால் உரிமம் பற்றி மறுபடி யோசிக்கத் தேவையில்லை.

முதல் வேலை: பட்டியல் எடுங்கள்

தேர்வின் பெரும்பகுதியைச் செயலிகள் ஏற்கெனவே செய்துவிட்டன என்பதை உணர, கையில் இருக்கும் வாடிக்கையாளர்களையும் அடுத்த ஓராண்டில் வரக்கூடியவர்களையும் ஒரு தாளில் எழுதி, எதிரே அவர்களுடைய செயலியின் பெயரைக் குறித்தால் போதும். வேர்ட்பிரஸ் மைஎஸ்க்யூஎல்லையும் மரியாடிபியையும் மட்டுமே அதிகாரபூர்வமாக ஏற்கிறது, இணையக் கடைகளுக்கான மேஜெண்டோவும் அப்படியே. மும்பையில் உருவான நிறுவன மேலாண்மைச் செயலி ஈஆர்பிநெக்ஸ்ட் முதன்மையாக மரியாடிபிக்காக எழுதப்பட்டது. அதே வகைச் செயலியான ஓடூவும், விவாத மன்றங்களுக்கான டிஸ்கோர்ஸும் போஸ்ட்கிரெஸ் இல்லாமல் ஓடா. வலைப்பதிவுச் செயலியான கோஸ்ட் நேரடிப் பயன்பாட்டுக்கு மைஎஸ்க்யூஎல் 8-ஐ மட்டுமே ஆதரிக்கிறது, மரியாடிபியைக்கூட ஏற்பதில்லை. தளம் அமைக்க உதவும் ட்ரூபல், ஜூம்லா ஆகியவையும் மூடுலும் மைஎஸ்க்யூஎல் குடும்பத்திலும் போஸ்ட்கிரெஸிலும் ஓடும். லாராவெல், ஜாங்கோ போன்ற நிரல் சட்டகங்களில் புதிதாக எழுதப்படுவதற்கு எதையும் தேரலாம்.

பத்தில் ஏழெட்டு வரிகளில் வேர்ட்பிரஸ் என்றே எழுதியிருப்பீர்கள் என்றால் மைஎஸ்க்யூஎல் குடும்பம் ஒன்று கட்டாயம் இருந்தாக வேண்டும், அதற்குமேல் வாதிட ஒன்றும் இல்லை. போஸ்ட்கிரெஸ் தொழில்நுட்பத்தில் உயர்ந்தது என்று நம்புபவர் (நானும் அவர்களில் ஒருவன்) வேர்ட்பிரஸ்ஸை அதன்மீது ஓட்டுவதற்கான இடைநிலைச் செருகுநிரல்களை (பிளகின்களை) தேடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் நாளை நிறுவப்போகும் ஒவ்வொரு செருகுநிரலும் மைஎஸ்க்யூஎல்லை எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்கும். அந்தப் பிழைகளுக்கெல்லாம் நீங்கள் பொறுப்பாளி ஆவீர்கள்.

மரியாடிபியா, மைஎஸ்க்யூஎல்லா

இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1995-இல் சுவீடனில் தொடங்கிய மைஎஸ்க்யூஎல்லை 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. சன்னை ஆரக்கிள் வாங்கி முடித்தது 2010 ஜனவரியில். அந்தக் கைமாற்றத்தை விரும்பாத மூல ஆசிரியர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009-இலேயே நிரலைக் கிளை பிரித்து மரியாடிபியைத் தொடங்கிவிட்டார். முதல் தரவுத்தளத்தில் இருக்கும் ‘மை’ அவருடைய மூத்த மகளின் பெயர், மரியா இளைய மகள். தொடக்கத்தில் ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டினால் அப்படியே ஓடும் என்ற நிலை இருந்தது. இன்று அந்த நிலை இல்லை என்பதைப் பல வழிகாட்டிகள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

மைஎஸ்க்யூஎல் 8-இன் தரவுக் கோப்பகத்தை மரியாடிபியால் திறக்க முடியாது. எஸ்க்யூஎல் கோப்பாக ஏற்றுமதி செய்து மறுபடி இறக்கியாக வேண்டும். அப்படி இறக்கும்போதும் முட்டுக்கட்டைகள் உண்டு. மைஎஸ்க்யூஎல் 8 தன் இயல்பான எழுத்து வரிசை விதியாக 0900 என்ற எண்ணைத் தாங்கிய ஒரு கொலேஷனை வைத்திருக்கிறது. பழைய மரியாடிபிகள் அதை அறியா என்பதால் முதல் அட்டவணையிலேயே இறக்குமதி நின்றுவிடும், கோப்பில் அந்தப் பெயரை மாற்றி எழுதிவிட்டுத் தொடர வேண்டும். எதிர்த்திசையிலும் ஒன்று இருக்கிறது. 2024 மே மாதத்துக்குப் பிந்தைய மரியாடிபி வெளியீடுகள் ஏற்றுமதிக் கோப்பின் முதல் வரியில் ஒரு பாதுகாப்புக் கட்டளையைச் சேர்க்கின்றன. மைஎஸ்க்யூஎல்லின் கிளையன்டும் (கட்டளைகளைச் சர்வருக்கு அனுப்பும் நிரல்) பழைய மரியாடிபி கிளையன்டும் அந்த முதல் வரியிலேயே பிழை காட்டி நிற்கும். அந்த ஒரு வரியை நீக்கிவிட்டால் மீதி இறங்கிவிடும். காரணம் தெரியாதவர் கோப்பே கெட்டுவிட்டது என்று எண்ணி வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடுவார். ஜேசன் (புலங்களும் மதிப்புகளும் கொண்ட உரை வடிவம்) தரவு வகையும் வேறுபடுகிறது: மைஎஸ்க்யூஎல்லில் அது தனி இரும வடிவம், மரியாடிபியிலோ நீண்ட உரைக்கு வைத்த மறுபெயர் மட்டுமே.

நான் பெரும்பாலும் மரியாடிபியையே பரிந்துரைக்கிறேன். டெபியனின் 9-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2017 முதல், அதன் நிலையான களஞ்சியத்தில் மைஎஸ்க்யூஎல் சர்வர் இல்லை, மரியாடிபிதான் இருக்கிறது. இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்து வரும் தரவுத்தளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் மற்றத் திருத்தங்களோடு தாமாகவே வந்துவிடும். வெளிக் களஞ்சியத்திலிருந்து நிறுவியதை நீங்கள்தான் நினைவில் வைத்துப் பராமரிக்க வேண்டும். சிறு சர்வர்களில் நினைவகச் செலவும் ஒரு காரணம். மைஎஸ்க்யூஎல்லில் செயல்திறன் கண்காணிப்புப் பகுதி இயல்பாகவே இயங்கும், மரியாடிபியில் அது இயல்பாக அணைந்திருக்கும். 1 ஜிபி, 2 ஜிபி நினைவகமுள்ள சர்வரில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஒரே நேரத்தில் நிறைய இணைப்புகள் வரும்போது அவற்றைச் சில இழைகளுக்குள் பகிர்ந்து நடத்தும் வசதி மைஎஸ்க்யூஎல்லில் கட்டணப் பதிப்புக்கு உரியது; மரியாடிபியில் இலவசமாகவே இருக்கிறது.

மைஎஸ்க்யூஎல்லைத் தேர வேண்டிய இடங்களும் உண்டு. கோஸ்ட் போல அதையே கேட்கும் செயலி இருந்தாலோ, வாடிக்கையாளரின் நிரலாளர்கள் மைஎஸ்க்யூஎல்லின் ஜேசன் வசதிகளை நம்பி எழுதியிருந்தாலோ, பின்னாளில் மேகச் சேவையொன்றின் மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறும் திட்டம் இருந்தாலோ அதிலேயே தொடங்கிவிடுவது நல்லது. அவ்வாறானால் 8.4 என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுங்கள். 5.7-இன் ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது, 8.0-க்கான காலத்தின் எல்லை 2026 ஏப்ரல். 8.4-இல் பழைய கடவுச்சொல் முறை இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும் என்பதையும், பிஎச்பி 7.4-க்கு முந்தைய பதிப்பில் ஓடும் பழைய தளங்கள் புதிய முறையில் இணைய முடியாமல் தடுமாறும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அத்தகைய தளம் ஒன்று வந்தால் தரவுத்தளத்தைப் பின்னுக்கு இழுப்பதைவிடப் பிஎச்பியை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லி வாடிக்கையாளரிடம் பேசுவதே முறை.

போஸ்ட்கிரெஸை எப்போது சேர்ப்பது

1986-இல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்தது போஸ்ட்கிரெஸ். எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் இல்லை என்பது நெடுங்காலம் நடத்த வேண்டிய தொழிலுக்கு ஒரு நிம்மதி. ஆண்டுக்கு ஒரு பெரும்பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. கணக்கு, இருப்பு, கட்டணம் போன்றவற்றைக் கையாளும் செயலியைப் புதிதாக எழுதித் தரச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். அட்டவணையின் அமைப்பையே மாற்றும் கட்டளைகளையும் ஒரு பரிவர்த்தனைக்குள் (முழுவதும் நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காத கட்டளைத் தொகுதி) வைத்து, பாதியில் பிழை நேர்ந்தால் முழுவதையும் பின்வாங்கிக்கொள்ள முடிவது இதில் உள்ள பெரும் வசதி. மைஎஸ்க்யூஎல் குடும்பத்தில் அமைப்பு மாற்றக் கட்டளை ஒவ்வொன்றும் அந்தப் பரிவர்த்தனையைத் தானாகவே முடித்துவிடும் என்பதால் பத்து மாற்றங்களில் ஆறாவது தோற்றால் முதல் ஐந்தையும் கையால்தான் திருப்ப வேண்டும்.

ஆனால் இதை வைத்துப் பல வாடிக்கையாளர்களை நடத்துவதில் இரண்டு கவனங்கள் தேவை. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிச் செயல்முறையைத் தொடங்குகிறது. இயல்பான வரம்பு 100 இணைப்புகள். பிஎச்பி தளங்கள் பல சேர்ந்தால் அது விரைவில் நிரம்பும். வரம்பை 500 என்று ஏற்றிவிடுவதற்குப் பதிலாக, இடையில் பிஜிபவுன்சர் என்ற சிறு மென்பொருளை வைத்துச் சில இணைப்புகளைப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதே வழக்கம். அடுத்தது, பெரும்பதிப்பு உயர்வு தானாக நடந்துவிடாது. ஏற்றுமதி இறக்குமதி செய்ய வேண்டும், அல்லது பிஜி அப்கிரேட் என்ற கருவியை ஓட்ட வேண்டும், இரண்டிலும் தளங்களைச் சிறிது நேரம் நிறுத்தியாக வேண்டும்.

பட்டியலில் போஸ்ட்கிரெஸைக் கேட்கும் செயலி ஒன்றாவது இருந்தால், அல்லது நீங்களே புதிய செயலிகள் எழுதித் தருபவராக இருந்தால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனி பேக்கப் முறை, தனித் திருத்த அட்டவணை, தனிப் பிழைச்செய்திகள் இருக்கின்றன, இவை அத்தனையையும் ஒருவரே தலையில் வைத்திருக்க வேண்டும்.

எஸ்க்யூலைட்டை இங்கே ஒரு பத்தியில் முடித்துவிடலாம். அது சர்வரே அல்ல, ஒரே ஒரு கோப்பு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும், வாசிப்பவர் எத்தனை பேராகவும் இருக்கலாம். நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவான வருகைகள் உள்ள தளத்துக்கு அது போதும் என்று அதை உருவாக்குபவர்களே சொல்கிறார்கள், அவர்களுடைய சொந்தத் தளமும் அதில்தான் ஓடுகிறது. நான்கு பக்கமும் ஒரு தொடர்புப் படிவமும் கொண்ட தளத்துக்கு இது நல்ல தேர்வு. அந்தக் கோப்பை இணையத்துக்குத் திறந்திருக்கும் கோப்பகத்துக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் முகவரியை ஊகிக்கும் எவரும் தரவுத்தளத்தையே பதிவிறக்கிக்கொண்டு போய்விடலாம். பிணையம் வழியாக இணைக்கப்பட்ட வட்டில் அதை வைக்கக் கூடாது.

தமிழில் எழுதும் தளங்கள்

தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் எடுக்கும். மைஎஸ்க்யூஎல் குடும்பத்தில் நெடுங்காலமாக ‘யூடிஎஃப்8’ என்று அழைக்கப்பட்டது மூன்று பைட் வரை மட்டுமே தாங்கும் குறைவடிவம். முழு வடிவத்துக்கு ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று பெயர். தமிழ் மூன்று பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் இந்தக் குறை பல ஆண்டுகள் கண்ணில் படாமலே கிடக்கும். பிறகொரு நாள் வாடிக்கையாளர் கைபேசியிலிருந்து ஒரு பதிவில் சிரிப்புக் குறியைச் சேர்ப்பார். அது நான்கு பைட். பொருந்தாத தரவை மறுக்கும் கண்டிப்பு முறை அணைக்கப்பட்ட பழைய அமைப்பில் அந்தக் குறியிலிருந்து பதிவின் மீதி முழுவதும் ஓசையில்லாமல் வெட்டப்பட்டுவிடும். ஆகவே புதிய தரவுத்தளம் எதை உருவாக்கினாலும் எழுத்து முறையாக எம்பி4 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள், இயல்பு அமைப்பை நம்பாதீர்கள்.

நீளக் கணக்கும் தமிழில் வேறு. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, தரவுத்தளத்துக்கு ஐந்து குறியீடு, வட்டில் பதினைந்து பைட். ஐம்பது என்று நீளம் வைத்த பெயர்ப் புலத்தில் ஐம்பது குறியீடுகள்தாம் அடங்கும், ஐம்பது எழுத்துகள் அல்ல. ‘டெக்ஸ்ட்’ என்ற தரவு வகையின் எல்லை 65,535 பைட். ஆங்கிலக் கட்டுரைக்கு அது தாராளம், தமிழுக்கோ 21,845 குறியீடுகளில் முடிந்துவிடும். வேர்ட்பிரஸ் பதிவுகளுக்கு ‘லாங்டெக்ஸ்ட்’ வகையைப் பயன்படுத்துவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. உள்ளூரில் எழுதிய செயலிகளில் நீண்ட தமிழ்க் கட்டுரையின் கடைசிப் பத்திகள் காணாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

வேறு சர்வரிலிருந்து வரும் பழைய தளத்தில் தமிழ் கேள்விக்குறிகளாகவோ, தலையில் கொம்பு வைத்த லத்தீன் எழுத்துகளாகவோ தெரிவதும் அடிக்கடி நேர்வது. கேள்விக்குறிகள் என்றால் தரவு அழிந்துவிட்டது, பழைய பேக்கப்பைத்தான் தேட வேண்டும். லத்தீன் எழுத்துகள் என்றால் பெரும்பாலும் பைட்டுகள் அப்படியே இருக்கின்றன. லத்தீன்1 என்று பெயர் சூட்டப்பட்ட பெட்டிக்குள் யூடிஎஃப்-8 தரவு கிடக்கிறது. அதை லத்தீன்1 இணைப்பிலேயே ஏற்றுமதி செய்து, கோப்பில் எழுத்து முறையின் பெயரை மாற்றி, எம்பி4 இணைப்பில் இறக்கினால் தமிழ் திரும்பிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் பிரதியில் செய்து பாருங்கள்.

அகரவரிசை முக்கியமான தளங்களில், உதாரணமாக உறுப்பினர் பட்டியலோ சொற்பட்டியலோ வைத்திருப்பவற்றில், போஸ்ட்கிரெஸுக்கு ஒரு மேன்மை இருக்கிறது. யூனிகோடில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்தும், ‘ழ’ என்பது ‘வ’வுக்கு முன்னும் இருக்கிறது, வெறும் குறியீட்டு எண்ணால் அடுக்கினால் அகராதி வரிசை கிடைக்காது. போஸ்ட்கிரெஸ் 10 முதல் யூனிகோடு வரிசை விதிகளைத் தரும் ஐசியூ என்ற நிரல் நூலகத்தின் தமிழ் வரிசை விதியைப் பயன்படுத்தலாம். 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து முழுஉரைத் தேடலில் தமிழ்ச் சொற்களின் விகுதிகளைக் குறைத்துப் பார்க்கும் வசதியும் உடன் வருகிறது. ஐசியூவை விடுத்து இயங்குதளத்தின் வரிசை விதிகளை நம்பியிருப்பவர்கள், டெபியன் 9-இலிருந்து 10-க்கு மாறியபோது இயங்குதளத்தின் அடிப்படை நூலகமான கிலிப்சி 2.28 அந்த விதிகளை மாற்றிவிட்டதால் உரை இண்டெக்ஸ்கள் (தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்கள்) அனைத்தையும் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. இயங்குதளத்தைப் பெரும்பதிப்பு உயர்த்தும் ஒவ்வொரு முறையும் இதைச் சரிபாருங்கள்.

ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தல்

ஒரு தளத்துக்கு ஒரு தரவுத்தளம், ஒரு பயனர், ஒரு கடவுச்சொல். வாடிக்கையாளர் ஒருவருக்கே மூன்று தளங்கள் இருந்தாலும் மூன்றும் தனித்தனி. ஒரு செருகுநிரலின் ஓட்டை வழியாக ஒரு தளம் பறிபோனால் சேதம் அதோடு நிற்க வேண்டும்.

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி இரண்டிலும் அனுமதி வழங்கும் ‘கிராண்ட்’ கட்டளையில் ஒரு பொறி இருக்கிறது. தரவுத்தளப் பெயரில் உள்ள அடிக்கோடு அங்கே ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்றே பொருள்படும். ‘ராஜா_கடை’ என்ற பெயருக்கு அனுமதி கொடுத்தால், அடிக்கோட்டின் இடத்தில் வேறோர் எழுத்து உள்ள இன்னொரு தரவுத்தளத்துக்கும் அதே அனுமதி போய்விடும். வாடிக்கையாளர் பெயர், அடிக்கோடு, தளத்தின் பெயர் என்று பெயரிடுவதே ஹோஸ்டிங்கில் வழக்கம் என்பதால் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கையால் கட்டளை எழுதுபவர்கள் அடிக்கோட்டுக்கு முன் ஒரு பின்சாய்கோடு இட வேண்டும். சர்வரின் கோப்புகளை வாசிக்கவும் எழுதவும் விடும் ‘ஃபைல்’ என்ற அனுமதி சர்வர் முழுவதற்கும் பொருந்துவது. எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பயனருக்கும் ஒரே நேர இணைப்புகளுக்கு 15 அல்லது 20 என்று வரம்பு வைத்துவிட்டால், ஒரு தளத்தின் மீது பாயும் போட்கள் (தானியங்கி நிரல்கள்) மைஎஸ்க்யூஎல்லின் இயல்பு வரம்பான 151 இணைப்புகளையும் விழுங்கி மற்றவர்களைப் பட்டினி போடுவதைத் தடுக்கலாம்.

போஸ்ட்கிரெஸில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. புதிதாக உருவாகும் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் இணையும் அனுமதி இயல்பாகவே எல்லாப் பயனர்களுக்கும் உண்டு. உள்ளே போய் அட்டவணைகளை வாசிக்க முடியாது என்றாலும், 15-ஆம் பதிப்புக்கு முன்வரை பொது ஸ்கீமாவில் (அட்டவணைகளின் பொதுப் பகுதியில்) புதிய அட்டவணைகளை உருவாக்கவும் அவர்களால் முடிந்தது. ஆகவே தரவுத்தளத்தை உருவாக்கியவுடன் ‘பப்ளிக்’கிடமிருந்து இணையும் அனுமதியைத் திரும்பப் பெறும் கட்டளையை இடுங்கள். பயனர் பெயரையும் தரவுத்தளப் பெயரையும் ஒன்றாகவே வைத்து, அணுகல் அமைப்புக் கோப்பில் தரவுத்தளத்தின் இடத்தில் ‘சேம்யூசர்’ என்று எழுதிவிட்டால், தன் பெயருள்ள தரவுத்தளத்தைத் தவிர வேறெதிலும் ஒருவரால் நுழைய முடியாது. வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடினாலும் அந்த ஒரு வரியே போதும். எத்தனை தடைகள் இட்டாலும் சர்வரில் உள்ள தரவுத்தளங்களின் பெயர்ப்பட்டியல் எல்லாருக்கும் தெரியும் என்பதால், வாடிக்கையாளரின் நிறுவனப் பெயரைத் தரவுத்தளப் பெயராக வைப்பதைத் தவிர்க்கலாம்.

மைஎஸ்க்யூஎல் குடும்பத்தின் 3306, போஸ்ட்கிரெஸின் 5432 என்ற இரு போர்ட்களையும் (பிணைய வாயில்களையும்) வெளியுலகுக்கு மூடிவிடுங்கள். 2017-இன் தொடக்கத்தில் கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, பணம் கேட்டுக் குறிப்பு விடப்பட்டது நினைவிருக்கலாம். வீட்டிலிருந்து தரவுத்தளத்தைத் திறக்க விரும்பும் வாடிக்கையாளருக்கு எஸ்எஸ்எச் சுரங்கவழி என்ற மறையாக்கப்பட்ட இணைப்பைச் சொல்லிக் கொடுங்கள்.

பேக்கப், மீட்டெடுப்பு

மைஎஸ்க்யூஎல் குடும்பத்தில் ஏற்றுமதிக் கருவியை ‘சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன்’ என்ற தேர்வோடு ஓட்டினால் தளங்களை நிறுத்தாமலே ஒரே கணத்தின் நிலையைப் பிரதியெடுக்கலாம். ஆனால் அது பரிவர்த்தனைகளை ஆதரிக்கும் இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கு மட்டுமே பொருந்தும். 2010-க்கு முன் தொடங்கிய தளங்களில் பரிவர்த்தனை அறியாத பழைய மைஐசாம் வகை அட்டவணைகள் இன்னும் ஒளிந்திருக்கும். ஏற்றுக்கொள்ளும் நாளிலேயே அவற்றை இன்னோடிபிக்கு மாற்றிவிடுங்கள், மின்தடைக்குப் பின் அட்டவணை பழுதாகும் தொல்லையும் அதோடு குறையும். மைஎஸ்க்யூஎல் 8-இல் மாற்றங்களைப் பதியும் பின்லாக் இயல்பாகவே 30 நாள் சேமிக்கப்படும். பேக்கப்புக்குப் பிந்தைய மாற்றங்களை மீட்க அது உதவும் என்றாலும் 40 ஜிபி வட்டுள்ள சர்வரில் வட்டையே நிரப்பிவிடும், ஒரு வாரமாகக் குறைத்தால் போதும். மரியாடிபியில் அது இயல்பாக அணைந்திருப்பதால் வேண்டுமென்றால் நீங்கள்தான் இயக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸின் ஏற்றுமதிக் கருவியான பிஜிடம்ப் ஒரு தரவுத்தளத்தை மட்டுமே எடுக்கும். பயனர்களும் அவர்களுடைய கடவுச்சொற்களும் அதில் வருவதில்லை, அவற்றைப் பிஜிடம்ப்ஆல் என்ற கருவியைக் கொண்டு தனியே எடுக்க வேண்டும். எஸ்க்யூலைட் கோப்பை ஓடிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாக நகலெடுத்தால் பாதி எழுதிய நிலை வந்துவிடலாம். அதற்கென உள்ள ‘பேக்கப்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். இன்னொரு சர்வரில் உடனுக்குடன் பிரதியாகும் அமைப்பைச் சிலர் பேக்கப் என்று நினைக்கிறார்கள். வாடிக்கையாளர் தவறுதலாக அழித்த அட்டவணை அடுத்த நொடியில் அங்கேயும் அழிந்துவிடும்.

மாதத்துக்கு ஒரு நாள், பட்டியலில் ஏதாவது ஒரு வாடிக்கையாளரைத் தேர்ந்து, அவருடைய நேற்றைய பேக்கப்பை வேறொரு சர்வரில் இறக்கித் தளத்தைத் திறந்து பாருங்கள். தமிழ் சரியாகத் தெரிகிறதா, கடைசி ஆர்டர் இருக்கிறதா, உள்நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டு, தொடங்கியதிலிருந்து முடிய எத்தனை நிமிடம் ஆனது என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். “எவ்வளவு நேரத்தில் திரும்ப வரும்?” என்று வாடிக்கையாளர் கேட்கும்போது சொல்ல வேண்டிய எண் அதுதான்.